காணிக்கைப் பையும் பிடியரிசிப் பானையும்: நன்றி, கொடுத்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் பக்கம் ஒரு சின்ன சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பன்னிரண்டு வருடம் பொருளாளராக இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைக் கவிழ்த்து, எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டுகளை நீவி அடுக்கி எண்ணுவது என் வேலை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். பணத்தைப் பற்றிக் கேட்பதுபோல் ஆரம்பித்து வேறெங்கோ போய் முடிப்பார்கள். என் மனைவி வீடு குளச்சலை அடுத்த கடற்கரை, கத்தோலிக்கர்கள். அதனால் கேள்விகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தன. நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பேச்சுக்குப் பேச்சு 'ஸ்தோத்திரம்' சொல்கிறோமே, அது போதாதா?

நம் மாவட்டத்தில் ஸ்தோத்திரம் என்பது வணக்கத்துக்குப் பதிலாகவும் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் போதகரைப் பார்த்தால் 'ஸ்தோத்திரம் ஐயா'. கடற்கரையில் பழைய ஆட்கள் சாமியாரைப் பார்த்தால் 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுகிற வார்த்தையில் எத்தனை தடவை மனது இருக்கிறது என்று அவரவருக்குத்தான் தெரியும்.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் கதை வருகிறது. பத்துப் பேரும் கேட்டார்கள், பத்துப் பேருக்கும் சுகம் கிடைத்தது. 'சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?' என்று இயேசு கேட்கிறார். அந்த ஒன்பது பேரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களை ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னதே இயேசுதான். சொன்னபடியே போனார்கள். ஒருவன் மட்டும் பாதி வழியில் நின்று, வந்த வழியே திரும்பி நடந்தான். அவன் சமாரியன், யூதர்கள் தள்ளிவைத்த கூட்டத்து ஆள். ஒன்பது பேர் விதியை நிறைவேற்றினார்கள், இவன் ஆளைத் தேடி வந்தான். காணிக்கைக் கணக்கில் நான் பார்த்த வித்தியாசமும் இதேதான். கட்ட வேண்டியதைச் சரியாகக் கட்டி ரசீது வாங்கிப் போகிறவர்கள் பலர். திரும்பி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்.

பிடியரிசி என்றால் என்ன? இன்னும் யாராவது எடுக்கிறார்களா?

சோறு வைக்க அரிசி அளக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. வாரமோ மாதமோ ஆனதும் அதைச் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அங்கே அது விற்கப்பட்டு ஊழியத்துக்குப் போகும், அல்லது முடியாத வீட்டுக்கு அப்படியே போகும். கைப்பிடி அரிசி என்றும் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் அது ஒரு மூளிப்பானை. விளிம்பில் விரல் அகலத்துக்கு உடைந்திருக்கும், மேலே சிரட்டை மூடியிருக்கும். அம்மா முறத்தில் அரிசியை அளந்து கொட்டிக் கல் பொறுக்குவார். பொறுக்கி முடித்ததும் கை மறுபடி முறத்துக்குள் போகும். அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்க்காமலே செய்யும். பேச்சு நிற்காது, அடுப்பில் கண் இருக்கும், ஒரு பிடி மட்டும் பானைக்குள் விழுந்துவிடும். இதில் ஒரு விஷயத்தைச் சின்ன வயதில் நான் கவனிக்கவில்லை, பிறகுதான் புரிந்தது. கல் பொறுக்குவதற்கு முன்னால் எடுப்பது கிடையாது. பொறுக்கிய அரிசியிலிருந்துதான் எடுப்பார்.

அப்பா ரப்பர் வெட்டுக்குப் போனவர். ஆடி மழை பிடித்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அப்படி ஒரு மழையில் அரிசி அடித்தட்டுக்கு வந்துவிட்டது. நான்கு பேருக்கு அளந்தது கஞ்சிக்குத்தான் காணும். அன்றைக்கும் கை பானைக்குப் போனது. 'இன்னிக்கும் எடுக்கணுமா?' என்று நான் கேட்டேன். கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டேன். அம்மா கையைத் திறந்து, பாதியை முறத்தில் உதறிவிட்டு மீதியைப் பானையில் போட்டார். 'நம்மகிட்ட இருக்குல்லா மக்களே, இல்லாத்தவங்க வீட்டுல முறமே எடுத்திருக்க மாட்டாங்க' என்றார். அவ்வளவுதான். பாடம் நடத்தவில்லை. கஞ்சியில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

இன்னும் எடுக்கிறார்களா என்றால், எடுக்கிறார்கள். பெரும்பாலும் வயதான பெண்கள். ரேஷன் அரிசி வந்த பிறகும், குக்கர் வந்த பிறகும் அந்தக் கைப்பழக்கம் போகாதவர்கள்.

காணிக்கையாக வந்த தேங்காயையும் கோழியையும் ஆலயத்தில் ஏலம் போடலாமா? வியாபாரம் போல இருக்கிறதே.

வெளியூரிலிருந்து பெண் எடுத்து வந்த வீட்டார் எல்லாரும் முதல் வருடம் இதைக் கேட்பார்கள். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று போய்ப் பார்த்தால் ஆலய வாசல் சந்தை மாதிரித்தான் இருக்கும். மரச்சீனிக் கிழங்கு மூடோடு, மட்டிக்குலை, செவ்வாழைக்குலை, சக்கை, கருப்பட்டி, முட்டை, காலைக் கட்டிய சேவல். அந்தச் சேவல் பிரசங்கத்துக்கு நடுவில் கூவுவது வேறு கதை.

பணமாகக் கையில் காசு புழங்காத ஜனங்களின் வழக்கம் இது. மரமும் நிலமும் எதைத் தந்ததோ, அதில் முதலாவதை எடுத்துக் கொண்டுவந்தார்கள். இஸ்ரவேலரின் முதற்பலனும் அப்படித்தான், கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லி உபாகமம் 26ல் இருக்கிறது. பொருளை வைத்திருக்க முடியாது, அழுகிவிடும். அதனால் ஏலம்.

ஏலத்தில் நடப்பதைப் பார்த்தால் வியாபாரம் என்று சொல்ல வாய் வராது. எங்கள் சபையில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி ஒரே ஒரு பப்பாளி கொண்டுவந்தார், ஒரு பக்கம் அணில் கடித்தது. ஏலம் விடுகிறவர் அதைத் தூக்கிக் காட்டியதும் பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். ஐம்பது ரூபாய் என்று ஒருவர் தொடங்கினார். நூறு, இருநூறு, ஐந்நூறு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, 'திரும்பவும் விடுங்க' என்று கொடுத்துவிட்டார். மூன்று பேர் கை மாறியது. கடைசியில் எடுத்தவர் அதை நறுக்கி, சிரித்த பையன்களுக்கே கொடுத்தார். அணில் கடித்த பப்பாளி எப்போதும் இனிக்கும் என்பது தனிச் செய்தி. சந்தை விலைக்கு வாங்கினால்தான் வியாபாரம். விலைக்குச் சம்பந்தமே இல்லாமல் போட்டி போட்டால் அதற்கு வேறு பேர்.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு பணக்காரர்களின் பழைய வீம்பு ஏலத்துக்கு வந்து நின்று, ஒரு வாழைக்குலை பல்லாயிரத்துக்குப் போன வருடமும் உண்டு. கணக்குக்கு லாபம்தான், நான் தான் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இல்லை.

தசமபாகம் கட்டாயமா? பிடித்தம் போக கையில் வரும் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா?

வாரம் ஒருவராவது கேட்ட கேள்வி இது. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்று தெளிவாக இருக்கிறது. ஆலயப் பணி செய்த லேவியருக்கு நிலப்பங்கு கிடையாது என்பதால் அது அவர்கள் சாப்பாடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த ஊரில் இருக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகவேண்டும் என்று உபாகமம் 14 சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா வசனம் மட்டும் வருடத்துக்கு நாலு தடவை வரும்.

புதிய ஏற்பாட்டில் சபைக்குப் பத்து சதவீதம் என்று கட்டளை இல்லை. வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு கடிந்துகொள்கிறார், அதையும் விடக்கூடாது, இதையும் விடக்கூடாது என்கிறார். பவுல் 'தன்தன் வரவுக்குத் தக்கதாக' வாரத்தின் முதல் நாளில் எடுத்துவைக்கச் சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையிலும் அவரவர் சக்திக்கு ஏற்பத் திருச்சபைத் தேவைக்கு உதவவேண்டும் என்பதுதான் ஒழுங்கு, சதவீதம் வைக்கவில்லை.

என் அபிப்பிராயம்: பத்தில் ஒன்று நல்ல அளவுகோல், மோசமான உச்சவரம்பு. வளைகுடாவில் இன்ஜினியராக இருக்கிறவருக்குப் பத்து சதவீதம் உறைக்காது. அண்டியாபீஸில் முந்திரி உடைக்கிற பெண்ணுக்கு அது மகனின் டியூஷன் காசு. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. மொத்தமா, பிடித்தம் போகவா என்று கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். கல்யாணச் சீர் செய்யும்போது இந்தக் கணக்கைப் போட்டீர்களா?

கொடுத்தால் தேவன் பலமடங்காகத் திருப்பித் தருவார் என்கிறார்களே?

அது சீட்டு.

சரி, கொஞ்சம் விளக்குகிறேன். தேவன் கொடுக்கிறவர்களை ஆசீர்வதிக்கிறார் என்று வேதம் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் போட்டால் பத்தாயிரம் வரும் என்று போடுகிறவன் நன்றி சொல்லவில்லை, முதலீடு செய்கிறான். காணிக்கை இனி வரப்போவதற்கான அட்வான்ஸ் கிடையாது. ஏற்கெனவே வந்ததற்கான பதில் அது. ஆலயம் கட்டக் குவிந்த பொன்னையும் வெள்ளியையும் பார்த்து தாவீது சொன்னது: 'எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்.' ராஜா சொன்ன கணக்கு இது. இதில் வட்டிக்கு இடமே இல்லை. வந்ததைத் திருப்பி நீட்டுகிறவன் எதன் பேரில் வட்டி கேட்பான்?

பலமடங்கு வரும் என்று நம்பித் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பணம் வரவில்லை. 'உங்கள் விசுவாசம் போதவில்லை' என்ற பேச்சுதான் வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எந்த ஆலயத்துக்கும் போவதில்லை.

கடன் இருக்கும்போது கொடுக்கலாமா?

முதலில் கடனைக் கட்டுங்கள். கடன்காரனின் பணத்தை எடுத்து உண்டியலில் போடுவது உங்கள் காணிக்கை ஆகாது, அது அவன் காணிக்கை. ஒரு பிடி அரிசிக்கு யாரும் கடன்பட மாட்டார்கள், அதைச் செய்யலாம்.

வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். சபைக்குக் கொடுக்கவா, அவர்களுக்குச் செலவழிக்கவா?

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்ற வார்த்தை வருகிறது, காணிக்கை என்று அர்த்தம். 'உனக்குச் செய்யவேண்டியதைக் கொர்பானாக நேர்ந்துவிட்டேன்' என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு விட்டுவைக்கவில்லை. பதில் அதிலேயே இருக்கிறது.

ஆனால் நம் ஊரில் இது வேறு ரூபத்தில் வரும். மகன் வெளிநாட்டில். ஆலயக் கட்டட நிதிக்குப் பெரிய தொகை அனுப்பியிருப்பான், கல்வெட்டில் பெயர் இருக்கும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் மூன்று வருடமாகத் தள்ளிப்போகும். அந்த அப்பாவே கட்டட நிதி அறிவிப்பைக் கேட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார் என்பதுதான் வேதனை. ஒரு தடவை மட்டும் அப்படி ஒருவருடைய மகனுக்கு நானே போன் செய்தேன். பொருளாளர் செய்யக்கூடாத வேலை. ஆபரேஷன் நடந்தது. கட்டட நிதியில் அந்த வருடம் துண்டு விழுந்தது, கமிட்டியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொடுத்தவர் பெயரை எழுதிவைப்பது தவறா?

வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்பது வசனம். எங்கள் ஆலயத்தில் மின்விசிறியின் இறக்கையில் 'உபயம்' என்று எழுதிப் பெயர் போட்டிருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை யாராலும் படிக்க முடியாது. மின்வெட்டு வந்தால் மட்டும் தெரியும், அப்போது எல்லாரும் வியர்த்துக்கொண்டு அந்தப் பெயரையே பார்ப்பார்கள்.

இறந்துபோன அம்மா நினைவாக ஒரு பெஞ்ச் போட்டு அவர் பெயரை எழுதினால் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை, அது நன்றியின் ஒரு வகை. மைக்கில் தொகையை வாசிப்பதுதான் தப்பு. ஐம்பது ரூபாய் கொடுத்தவர் அன்று குனிந்த தலையோடு வீட்டுக்குப் போவார். நான் பொறுப்பில் இருந்தபோது தொகையை விட்டுப் பெயரை மட்டும் வாசித்தோம். இரண்டு மாதம் வசூல் குறைந்தது, பிறகு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

கடற்கரை ஊர்களில் எப்படி?

அங்கே வயலும் மரமும் கிடையாது, கடல்தான். என் மாமனார் ஊரில் மீன் ஏலம் போகும்போதே கோயிலுக்கு ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். கிடைத்தால் உண்டு, கிடைக்காத நாளில் இல்லை. 'தன்தன் வரவுக்குத் தக்கதாக' என்று பவுல் எழுதியதை அந்தக் கரை யாரும் பிரசங்கம் செய்யாமலே கைக்கொள்கிறது. பிரான்சிஸ் சவேரியார் 1544ல் இந்தக் கரையோர ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அந்த நாளிலிருந்து மீனவர் வாழ்க்கையும் கோயிலும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன.

எனக்குப் பிடித்தது கணக்கில் வராத பங்கு. வள்ளம் கரையேறினதும் ஏலத்துக்கு முன்பே, கடலுக்குப் போக முடியாத கிழவர், ஆண் துணை இழந்த பெண்கள் வட்டிலோடு நிற்பார்கள். ஒரு கை சாளை மீன் வட்டிலில் விழும். கொடுக்கிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, வாங்குகிறவர் நன்றி சொல்வதுமில்லை. நாளைக்கு இவர் கடலுக்குப் போய் வராமல் போனால் அந்த இடத்தில் இவர் வீட்டார் வட்டிலோடு நிற்கவேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சுனாமியில், ஒக்கி புயலில் எல்லாம் போன பிறகும் நன்றி சொல்லவேண்டுமா?

இதற்கு மேசையில் உட்கார்ந்து பதில் எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் குளச்சலிலும் அன்று காலை என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. மேற்கே எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன. எங்களுக்கு மரம் போனது, அவர்களுக்கு ஆள் போனது. இரண்டையும் ஒரே ஜெபத்தில் சேர்த்துச் சொன்ன அன்று என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்ற வசனத்தைச் சாவு வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். 'எல்லாவற்றுக்காகவும்' என்று அதில் இல்லை, 'எல்லாவற்றிலேயும்' என்றுதான் அந்த இடத்தில் இருக்கிறது. புருஷன் கடலில் போனதற்காக நன்றி சொல் என்று எந்தப் பெண்ணிடமும் வேதம் கேட்கவில்லை. சாவு வீட்டுக்கான வசனம் 'அழுகிறவர்களுடனே அழுங்கள்' என்பது. சங்கீதங்களில் எத்தனை எத்தனை முறையீடுகள், 'எதுவரைக்கும் கர்த்தாவே' என்று. அதுவும் வேதம்தான்.

அத்திமரம் துளிர்விடாமல் போனாலும், வயல் தானியம் விளைவிக்காமல் போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் சொல்கிறார். அதை ஆபகூக் தன்னைப் பற்றிச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்ல முடிந்தவர்கள் ஒருநாள் தாங்களே சொல்வார்கள். கடைசி இராப்போசனத்தில் இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் பிட்டார், அது காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரி. நம் திருவிருந்து, கத்தோலிக்கர்களின் நற்கருணை எல்லாம் அந்த ராத்திரியிலிருந்து வருகிறது. நற்கருணையின் கிரேக்கப் பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். ஆனால் அதே இயேசு கொஞ்ச நேரத்தில் கெத்செமனேயில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று வேண்டினார். இரண்டும் ஒரே ராத்திரி.

உதவி கொடுக்கும்போது போட்டோ எடுக்கலாமா?

கூடாது. இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். ஒக்கி முடிந்து எங்கள் சபையில் அரிசி, போர்வை, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் சேர்த்து டெம்போவில் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். கணக்குக் காட்டவேண்டுமே என்று ஒவ்வொருவர் கையில் கொடுக்கும்போதும் நான் போட்டோ எடுத்தேன். பொருளாளர் புத்தி. வரிசையில் என் மனைவியின் சித்தி வந்தார். என்னைத் தெரிந்தும் தெரியாத மாதிரி பொட்டலத்தை வாங்கினார், சேலைத் தலைப்பு முகத்துக்கு வந்தது. சாயந்தரம் வீட்டில் வைத்துச் சொன்னார்: 'அரிசியைத் தந்திட்டு எங்க முகத்தை எடுத்திட்டுப் போறீங்களே மருமவனே.'

எல்லாவற்றையும் அழித்தேன். கமிட்டிக்குக் கடை பில்லைக் காட்டினேன், அது போதுமாகத்தான் இருந்தது.

அப்புறம் அடுத்த வருடம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அந்தக் கரையிலிருந்து ஒரு சாக்கு நெத்திலிக் கருவாடு வந்தது. ஆலயத்துக்குள் வைத்தால் நாற்றம் என்று ஒருவர் ஆட்சேபித்தார். வாசலில் வைத்தே ஏலம் விட்டோம். சித்தி வந்திருந்தார். அன்றைக்கு வாங்குகிற இடத்தில் நாங்கள் நின்றோம். அவர் முகத்தில் தலைப்பு இல்லை.

அசனத்தில் (சபை விருந்தில்), சமபந்தியில் மற்ற மதத்தவரும் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், சாப்பிடவேண்டும். ஒரே பந்தியில் உட்காருவது இந்த மண்ணில் சாதாரணமாகக் கிடைத்ததில்லை. நட்டாலத்தில் 1712ல் பிறந்த தேவசகாயம் பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்த உயர்குலத்தார். கிறிஸ்தவரான பிறகு சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022ல் புனிதர் பட்டம் பெற்ற அவர் பெயரில் விழா எடுத்துவிட்டு, பந்தியில் ஆள் பார்த்து இலை போட்டால் அந்தச் சோறு இறங்குமா?

மிஷனரிகள் நமக்குக் கொடுத்ததற்கு நாம் எப்படித் திருப்பிச் செய்வது?

அவர்களுக்குத் திருப்ப முடியாது. மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பில் 1806ல் வந்த ரிங்கல்தௌபே, தன் சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கந்தல் உடையில் திரிந்தவர். பத்து வருடத்தில் போய்விட்டார்.

நெய்யூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் சோமர்வெல் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1922ல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேயர் குழுவில் ஒருவர். அந்தப் பயணத்தில் சுமை தூக்கி வந்த ஏழு பேர் பனிச்சரிவில் இறந்தார்கள், வெள்ளைக்காரர் யாரும் சாகவில்லை. அது அவரை வெகுவாக உறுத்தியது. ஊருக்குத் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர் நெய்யூருக்கு வந்தார். காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தையும், கையளவு மருத்துவர்களையும் பார்த்தார். லண்டனில் பெரிய டாக்டராகியிருக்க வேண்டியவர், இங்கே வந்து இருபது வருடத்துக்கும் மேலாகக் கத்தி பிடித்தார். செத்துப்போன ஏழு பேருக்கு அவரால் எதையும் திருப்பிக் கொடுத்திருக்க முடியாது. கொடுத்தது நெய்யூரில் வரிசையில் நின்றவர்களுக்கு. இது என் வாசிப்புதான், அவர் இப்படிச் சொன்னார் என்று சொல்லவில்லை.

கைபேசியில் அனுப்பினால் காணிக்கை ஆகுமா?

ஆகும். வாசலில் கியூஆர் அட்டை ஒட்டியாயிற்று. குழந்தைகள் கையில் மட்டும் நாணயம் கொடுத்துப் பையில் போடச் சொல்லுங்கள். கையைவிட்டுப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

பிடியரிசி தொடங்க ஆசை. எப்படி?

வாய் அகலமான டப்பா எடுங்கள், கை உள்ளே போகவேண்டும். அடுப்புப் பக்கத்திலேயே வையுங்கள், அலமாரியில் வைத்தால் மறந்துவிடும். வண்டு வராமலிருக்க நாலு வற்றல் மிளகாயோ காய்ந்த வேப்பிலையோ போடலாம். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சேர்க்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை கொடுத்துவிடுங்கள். வீட்டில் பொன்னி சாப்பிட்டுக்கொண்டு டப்பாவில் ரேஷன் அரிசி போடக்கூடாது. எடுப்பது சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து, மூட்டையிலிருந்து இல்லை. கல் பொறுக்கிய பிறகு எடுங்கள்.